பங்குக் கணக்கு

நவம்பர் கடைசித் திங்கள், விடியுமுன்னே
பப்னிகோ துறையிலிருந்து லாப்ஸ்டர் படகுகள் கிளம்பும்.
ஆளுயரம் கூண்டு அடுக்கி,
பின்பக்கம் தண்ணீரைத் தொட்டபடி.
ஊரே நின்று கையசைக்கும்.
இந்த வருஷம் நான் காரைவிட்டு இறங்கவில்லை.
கண்ணாடியை இறக்கி எண்ணினேன்.
முதல் நடையிலேயே இருநூறு கூண்டு,
ஒன்றுமில்லாதவனுக்கு.

கோர்ட்டில் லியாந்தர் கை விரித்தான்.
உப்பும் கயிறும் தின்ற கை,
யாரும் நம்பிவிடுவார்கள்.
படகு தம்பியுடையதாம்,
தான் அதில் வெறும் கூலியாம்,
தோள்வலி வேறாம்.
நீதிபதி வாய்தா போட்டார். மார்ச்.
பிறகு மே. மே மாதம் அவன் வக்கீலுக்குக் காய்ச்சல்.
ஒவ்வொரு முறையும் யார்மத்துக்கு நாற்பது நிமிஷம்,
மீன் ஆலையில் அரைநாள் சம்பளம் போச்சு.
நிலுவை மட்டும் தவறாமல் ஆஜரானது:
மாதம் தொள்ளாயிரத்து ஐம்பது,
பன்னிரண்டு மாதம்,
பதினோராயிரத்து நானூறு டாலர்.

படகின் பெயர் ஒதீல்.
என் பெயர்தான். கல்யாணமான இரண்டாம் வருஷம்
நாக்கைக் கடித்துக்கொண்டு அவனே எழுதியது.
தம்பிக்கு மாற்றிய வாரம் வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டான்.
வெயில் சாய்ந்து விழுந்தால்
எழுத்தின் மேடு இன்னும் தெரியும்.

இருபத்தாறு வருஷம் அதன் கணக்கு
என் சமையலறை மேசையில் இருந்தது.
டீசல், ஐஸ், இரைக்கு ஹெரிங்.
படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு,
வங்கிக்கு ஒரு பங்கு.
எழுதுகிறவளுக்கு என்று ஒரு பத்தி
அந்த நோட்டில் கிடையாது.
கோடு போட்டவள் நான்தான்.
எனக்கே தோன்றவில்லை.

ஜீவனாம்சம் வசூலிக்கும் அலுவலகத்திலிருந்து
ஹைஸ்லர் என்றொரு பெண் போன் செய்தாள்.
சளி பிடித்த குரல். அனுதாபம் எதுவும் சொல்லவில்லை.
"பிடிப்பதை யாரிடம் விற்கிறார்?"
இத்தனை வாய்தாவில் ஒருவரும் கேட்காத கேள்வி.
சொன்னேன். வியாபாரியின் பெயர், பட்டுவாடா நாள்,
சீட்டின் எந்த மூலையில் எதை எழுதுவார்கள் என்பதுவரை.
படகைக் கொடுத்தவனுக்கு
உரிமத்தைக் கொடுக்க மனம் வரவில்லை;
அது அவன் அப்பாவுடையது.
எடைக்கு மேலே அச்சாவது
இன்றும் லியாந்தர் பெயர்தான்.
மறுமுனையில் விசைப்பலகை தடதடத்தது.
பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

டிசம்பர் மூன்றாம் வெள்ளி
முதல் காசோலை வந்தது.
அவன் கையெழுத்து இல்லாமல், அவன் கை படாமல்,
வியாபாரியிடமே பிடித்து அனுப்பியது.
அடுப்பங்கரை வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தேன்.
ஹீட்டருக்கு எண்ணெய் சொன்னேன்.
லாரிக்காரன் குழாயை மாட்டியபோது
தொட்டிக்குள் விழுந்த சத்தத்தை
ஜன்னலைத் திறந்து கேட்டேன், அந்தக் குளிரிலும்.

சனிக்கிழமை பெட்ரோல் பங்கில் சில்வேன் நின்றான்.
படகில் கயிறு இழுக்கிற பையன்,
பிப்ரவரியில் அவன் பெண்டாட்டிக்குப் பேறுகாலம்.
தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டான்:
"என் பங்கிலும் கை வைப்பார்களா, ஒதீல்?"
இல்லை என்று சொல்லிவிட்டேன், உடனே.

திங்களன்று ஹைஸ்லரை அழைத்தேன்.
முப்பது நிமிஷம் பியானோ.
பிறகு அவள் சொன்னாள்:
ஆணை அவருடைய வரவின்மேல்தான்.
மிச்சத்தை அவர் எப்படிப் பிரிக்கிறார் என்பது
எங்கள் கையில் இல்லை.

அவள் கையில் இல்லை, சரி.
லியாந்தர் நெருக்கப்பட்டால்
முதலில் எந்தப் பங்கைக் குறைப்பான் என்று
நோட்டில் இருக்கிறது.
தொண்ணூற்றெட்டு. இரண்டாயிரத்து மூன்று.
"ஆள் கூலி, பாக்கி" என்று
சாய்வில்லாத, அழகான, என் கையெழுத்தில்.

காசோலையைத் திருப்பி அனுப்பவில்லை.
தொட்டியின் முள்
முக்காலில் நிற்கிறது.